டச் டவுன் கணக்கில் அதிர்ஷ்டம் எவ்வளவு?

"போன பருவத்தில் யார் யார் எவ்வளவு புள்ளி எடுத்தார்கள் என்ற பட்டியல் கையில் இருக்கிறது. அதையே மேலிருந்து கீழாகப் பார்த்து டிராஃப்டில் ஆளெடுத்தால் போதாதா?" அமெரிக்கக் கால்பந்து ஃபேண்டசி லீக் ஒன்றில் புதிதாகச் சேர்ந்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்.

போதாது. அந்தப் பட்டியலின் உச்சியில் இருப்பவர்களில் பலர் அடுத்த பருவத்தில் இறங்குவார்கள். அவர்கள் திறமை மங்கியிருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை.

விதிகளைத் தெரிந்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். அமெரிக்கக் கால்பந்தின் முதன்மைத் தொடரான என்.எஃப்.எல்.-இல் 32 அணிகள். ஒவ்வொன்றுக்கும் 18 வாரங்களில் 17 ஆட்டங்கள். ஃபேண்டசி லீகில் பெரும்பாலும் 10 அல்லது 12 பேர், முறைவைத்து நிஜ ஆட்டக்காரர்களைத் தங்கள் கற்பனை அணிக்கு எடுத்துக்கொள்கிறார்கள்; இதுதான் டிராஃப்ட். அந்த ஆட்டக்காரர்கள் நிஜ ஆட்டத்தில் செய்வது இங்கே புள்ளியாக மாறுகிறது. ஒரு குவார்ட்டர்பேக் (பந்தை எறிபவர்), இரண்டு ரன்னிங் பேக் (பந்தோடு ஓடுபவர்), இரண்டு வைட் ரிசீவர் (எறிந்த பந்தைப் பிடிப்பவர்), ஒரு டைட் எண்ட் (பந்தைப் பிடிப்பதோடு எதிரணியைத் தடுக்கவும் செய்பவர்), ஃபிளெக்ஸ் இடத்தில் ரன்னிங் பேக், ரிசீவர், டைட் எண்ட் எவரானாலும் இன்னொருவர், ஒரு கிக்கர் (பந்தை உதைப்பவர்), ஏதாவது ஓர் அணியின் முழுத் தற்காப்பு, மிச்சம் பெஞ்ச். ஓடியோ பந்தைப் பிடித்தோ கடக்கும் ஒவ்வொரு 10 யார்டுக்கும் 1 புள்ளி, அப்படி எடுக்கும் டச் டவுனுக்கு (பந்தோடு எதிரணியின் கோல் கோட்டை எட்டுவது) 6. எறிபவருக்கு 25 யார்டுக்கு 1, டச் டவுனுக்கு 4. பிபிஆர் முறையில் ஒவ்வொரு பிடிக்கும் கூடுதலாக 1. லீகுக்கு லீக் இது மாறும் என்பதால், யாரையும் எடைபோட உட்காரும் முன் உங்கள் லீகின் புள்ளி விதியைப் படித்துவிடுங்கள். தவறான ஆளை எடுப்பதற்கு முதல் காரணம் இதைப் படிக்காததுதான்.

ஒரு ரிசீவரின் புள்ளியைப் பிரித்துப் பார்த்தால் மூன்று அடுக்குகள் தெரியும். அவரை நோக்கிப் பந்து எத்தனை முறை எறியப்பட்டது என்பது முதல் அடுக்கு. இதை டார்கெட் என்பார்கள். ஒவ்வொரு டார்கெட்டிலும் எத்தனை யார்டு சேர்த்தார் என்பது இரண்டாவது. அவற்றில் எத்தனை டச் டவுனாக முடிந்தன என்பது மூன்றாவது. டார்கெட் எண்ணிக்கையைப் பயிற்சியாளரின் திட்டமும் குவார்ட்டர்பேக்கின் நம்பிக்கையும் தீர்மானிக்கின்றன. அணி மாறாதவரை அது ஆண்டுக்கு ஆண்டு பெரிதாக ஆடாது. யார்டு சராசரி கொஞ்சம் ஆடும். டச் டவுன் விகிதமோ பேயாட்டம் ஆடும். ஆனால் புள்ளிப் பட்டியல் மூன்றையும் ஒரே எண்ணாகக் கலந்து கொடுத்துவிடுகிறது.

இந்தப் பேயாட்டத்துக்கு ஓர் அளவு உண்டு. வைட் ரிசீவர்களுக்கு 100 டார்கெட்டுக்கு ஏறத்தாழ 5 டச் டவுன் என்று வைத்துக்கொள்வோம். ஒரே மாதிரித் திறமையுள்ள 50 ரிசீவர்கள். ஒவ்வொருவருக்கும் 120 டார்கெட். எதிர்பார்க்கும் டச் டவுன் ஆளுக்கு 6. இது பள்ளியில் படித்த ஈருறுப்புப் பரவல். திட்ட விலக்கம், அதாவது சராசரியிலிருந்து எண்கள் சிதறும் அளவு, 120, 0.05, 0.95 மூன்றையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வருவது: சுமார் 2.4. அதாவது இந்த 50 பேரில் மூன்று நான்கு பேர் எந்தத் தனித்திறமையும் இல்லாமலே 10 அல்லது அதற்கு மேல் டச் டவுன் எடுப்பார்கள். மூன்று பேர் வெறும் 2 அல்லது அதற்கும் கீழே நிற்பார்கள். முதல் கூட்டத்துக்கும் கடைசிக் கூட்டத்துக்கும் இடையே 8 டச் டவுன், 48 புள்ளி. அத்தனையும் தற்செயல். அடுத்த பருவம் தொடங்கும்போது இரு கூட்டத்தாரும் மறுபடி 6-இலிருந்தே தொடங்குகிறார்கள்.

நிஜத்தில் எல்லோருக்கும் திறமை ஒன்றல்ல என்பதால் கணக்கைச் சற்றுத் திருத்த வேண்டும். ஒருவர் 120 டார்கெட்டில் 12 டச் டவுன் எடுத்திருக்கிறார்; 10 விழுக்காடு. இதில் அவர் திறமை எவ்வளவு, தற்செயல் எவ்வளவு? இதற்குப் புள்ளியியலாளர்கள் செய்யும் தந்திரத்தைப் போல எளிமையும் குறும்பும் சேர்ந்த ஒன்றை நான் அதிகம் கண்டதில்லை. நடக்காத டார்கெட்டுகளை அவர் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். 240 கற்பனை டார்கெட், அவற்றில் சராசரி விகிதப்படி 12 டச் டவுன். இப்போது மொத்தம் 360 டார்கெட்டில் 24, விகிதம் 6.7 விழுக்காடு. அடுத்த பருவத்தில் மறுபடி 120 டார்கெட் கிடைத்தால் 8 டச் டவுன். போன ஆண்டின் 12-ஐ அப்படியே நம்பியவர் 24 புள்ளிகளைக் கூடுதலாகப் போட்டிருப்பார்.

240 எங்கிருந்து வந்தது? அடுத்தடுத்த இரு பருவங்களின் டச் டவுன் விகிதங்களுக்கு இடையே உள்ள ஒட்டுறவுக் கெழுவிலிருந்து (ஒன்று மற்றதோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதைக் காட்டும் எண்). 120 டார்கெட் பெற்ற ரிசீவர்களிடையே அது மூன்றில் ஒன்று என்று கொண்டால், 120-ஐ 120-உம் கற்பனை எண்ணிக்கையும் சேர்ந்த தொகையால் வகுக்க மூன்றில் ஒன்று வர வேண்டும். விடை 240. கெழு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவுக்குக் கற்பனை டார்கெட் கூடும். அந்த அளவுக்குச் சராசரியானது ஆட்டக்காரரை இறுக்கிப் பிடித்துத் தன் பக்கம் இழுக்கும். உங்களிடம் பழைய தரவு இருந்தால் கெழுவை நீங்களே கணக்கிட்டு இந்த எண்ணை மாற்றிக்கொள்ளுங்கள். யார்டு, பிடி விகிதம் என ஒவ்வொன்றுக்கும் அது வேறு வேறாக வரும். பெற்றோரின் உயரத்தையும் பிள்ளைகளின் உயரத்தையும் ஒப்பிட்டு 1886-இல் பிரான்சிஸ் கால்டன் காட்டிய "சராசரியை நோக்கிய பின்னடைவு" இதுவேதான்.

டெட்ராய்ட் லயன்ஸ் அணியின் கால்வின் ஜான்சனை எடுத்துக்கொள்ளுங்கள். 2011-இல் 1,681 யார்டு, 16 டச் டவுன். 2012-இல் 1,964 யார்டு கடந்து ஒரே பருவத்துக்கான ரிசீவிங் சாதனை படைத்தார். டச் டவுன் வெறும் 5. டார்கெட் 200-ஐத் தாண்டியது. சராசரி ரிசீவராக இருந்திருந்தாலும் அதில் 10 வந்திருக்க வேண்டும். 2013-இல் யார்டு 1,492-ஆகக் குறைந்தது, டச் டவுனோ 12-ஆக ஏறியது. ஆள் அதே ஆள். 2012-இன் 5-ஐப் பார்த்து ஒதுங்கியவர்கள் ஏமாந்தார்கள். யார்டையும் டார்கெட்டையும் பார்த்தவர்கள் பிழைத்தார்கள்.

ரன்னிங் பேக்குக்கு விகிதத்தை மட்டும் பார்த்தால் போதாது, பந்து எந்த இடத்தில் கையில் வந்தது என்பதும் வேண்டும். கோல் கோட்டிலிருந்து 1 யார்டில் கொடுத்தால் பாதிக்கும் மேற்பட்ட முறை டச் டவுன். 10 யார்டில் கொடுத்தால் பத்தில் ஒன்றை எட்டுவதே அரிது. ஆகவே அவருடைய ஓட்டங்களை இடவாரியாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் அந்த இடத்தின் நிகழ்தகவால் பெருக்கிக் கூட்டுங்கள். வருவது எதிர்பார்ப்பு டச் டவுன். உண்மையில் எடுத்தது அதைவிட 5 அதிகம் என்றால் விலகி நில்லுங்கள். 5 குறைவு என்றால் அவரை மலிவாகப் பிடிக்கலாம். இதற்கு வேண்டிய, ஒவ்வோர் ஆட்டநகர்வையும் பதிந்த தரவு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அதைத் திரட்டி, சுத்தம் செய்து, நிரலாக்கி வைத்தவர்கள் பெரும்பாலும் மாணவர்களும் ஆர்வலர்களும். கோடிகள் புரளும் ஒரு விளையாட்டின் திறந்த ஆய்வு இப்படி ஓய்வுநேர உழைப்பில் ஓட வேண்டியிருப்பது எனக்கு உவப்பாக இல்லை. இத்தகைய தரவுத்தளங்களுக்கு நிலையான நிதி வேண்டும்.

இங்கேயே ஒரு மூடநம்பிக்கையையும் தீர்த்துவிடலாம். அமெரிக்கக் கால்பந்து வீடியோ கேமான மேடனின் அட்டையில் படம் வந்தால் அந்த ஆட்டக்காரருக்குச் சாபம் என்பார்கள். 2005-இல் 1,880 யார்டு ஓடி 27 டச் டவுன் எடுத்த ஷான் அலெக்சாண்டர் அடுத்த பதிப்பின் அட்டையில் வந்தார். 2006-இல் பாதத்தில் எலும்பு முறிந்து 896 யார்டு, 7 டச் டவுனோடு நின்றார். 2010-இல் 1,177 யார்டு ஓடிய பெய்டன் ஹில்லிஸ் அட்டைக்கு வந்தபின் 587-க்கு இறங்கினார். அட்டைக்கு யாரைத் தேர்ந்தெடுக்கிறார்கள்? வாழ்நாள் உச்சத்தைத் தொட்டவரை. உச்சத்தைத் தொட்டவருக்கு அடுத்த ஆண்டு இறக்கம்தானே இயல்பு? அட்டைக்குப் பதில் ஒரு வெற்றுத் தாளில் அவர் பெயரை எழுதி வைத்திருந்தாலும் இறங்கியிருப்பார். சாதனை படைத்த 2012-இல் அட்டையில் இருந்தவர் நம் கால்வின் ஜான்சன்தான் என்பதைச் சாபக்காரர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

இப்படித் திருத்திய எண்களைக் கூட்டினால், அடுத்த பருவத்துக்கான மதிப்பீட்டுப் புள்ளி கைக்கு வந்தாயிற்று. அதன்படியும் மேலிருந்து கீழாக எடுக்கக் கூடாது. பட்டியலின் மேற்பகுதியை அடைத்துக்கொண்டிருப்பவர்கள் குவார்ட்டர்பேக்குகள். ஆனால் கைதேர்ந்தவர்கள் முதல் சுற்றில் அவர்களைத் தொடுவது குறைவு. காரணம் ஒரு கழித்தல் கணக்கு. 12 பேர் லீகில் களமிறங்குவது 12 குவார்ட்டர்பேக். முதலாமவர் 380, பன்னிரண்டாமவர் 300 என்று மதிப்பிட்டிருந்தால் முதலாமவரை எடுப்பதால் உங்களுக்குக் கிடைக்கும் லாபம் 80 மட்டுமே. ரன்னிங் பேக்குகள் ஃபிளெக்ஸையும் சேர்த்து 30 பேர் களமிறங்குவார்கள். முதலாமவர் 310, முப்பதாமவர் 150 என்றால் லாபம் 160. அந்தந்த இடத்தில் களமிறங்கும் கடைசி ஆளின் புள்ளியை எல்லோரிடமிருந்தும் கழித்து, வரும் மிச்சத்தை வைத்து வரிசைப்படுத்துங்கள். இரண்டு குவார்ட்டர்பேக்கை இறக்கலாம் என்ற விதியுள்ள லீகில் கணக்கே தலைகீழாகும். 24 பேர் தேவைப்படுவார்கள், மொத்தம் இருப்பதோ 32 அணிகளுக்கு 32 பேர்.

எறிவதோடு ஓடவும் செய்யும் குவார்ட்டர்பேக் மட்டும் விதிவிலக்கு. 2019-இல் லமார் ஜாக்சன் ஓடியது 1,206 யார்டு, 7 டச் டவுன். ஓட்டத்துக்கு 10 யார்டுக்கே 1 புள்ளி என்பதால் கால்களிலிருந்து மட்டும் 162 புள்ளி வந்தது. 3,127 யார்டு எறிந்ததற்குக் கிடைத்தது 125.

காயத்தைப் பலர் இரண்டு விதமாகவும் தப்பாகப் போடுகிறார்கள். ரன்னிங் பேக் கிறிஸ்டியன் மெக்கேஃப்ரி 2019-இல் 2,392 யார்டும் 19 டச் டவுனும் எடுத்தார். 2020-இல் ஆடியது 3 ஆட்டம். 2023-இல் 21 டச் டவுன். 2024-இல் 4 ஆட்டம். இத்தகையவரை முழுப் பருவத்துக்கும் கணக்கிடுவது பேராசை. அவர் இல்லாத வாரத்துக்குப் பூஜ்யம் போடுவது அநியாயம், ஏனென்றால் அந்த இடத்தில் வேறொருவரை இறக்குவீர்கள். ஆட்டத்துக்கு 20 புள்ளி எடுப்பவர் 13 ஆட்டம் ஆடுவார், மீதி 4-இல் 9 புள்ளி எடுக்கும் மாற்றாள் என்றால் மொத்தம் 296. ஒரு வாரமும் தவறாமல் 17 புள்ளி எடுப்பவர் தருவது 289. மாற்றாளுக்கு ஒரு பெஞ்ச் இடம் செலவாவதைச் சேர்த்தால் இருவரும் சமம்.

டிராஃப்ட் மேசையில் நேரம் கிடைக்காது. முறை பெரும்பாலும் ஸ்நேக். ஒரு சுற்று முடிந்ததும் வரிசை திரும்பும். கடைசி இடத்தில் இருப்பவர் 12, 13-ஆம் தேர்வுகளை எடுத்தபின் அடுத்து 36-க்குத்தான் வருவார். இடையில் 22 பேர் போய்விடுவார்கள். அதனால் ஒவ்வோர் இடத்திலும் மதிப்பு சட்டென்று சரியும் எல்லைகளில் முன்கூட்டியே கோடு கிழித்து வையுங்கள். கோட்டுக்கு மேல் ஆறு ரிசீவர்கள் மிச்சம், ஒரே ஒரு டைட் எண்ட்தான் மிச்சம் என்றால் இப்போது டைட் எண்டை எடுப்பதே கணக்கு, ரிசீவரின் எண் 5 புள்ளி அதிகமாக இருந்தாலும் சரி.

கிக்கரையும் தற்காப்பையும் கடைசி இரண்டு சுற்றுகளுக்குத் தள்ளுங்கள். அவர்களுக்குள் முதலாமவரும் பன்னிரண்டாமவரும் யார் என்று முன்கூட்டிக் கணிப்பதே கடினம். கழித்தால் மிஞ்சுவது சொற்பம். வாராவாரம் எதிரணியைப் பார்த்து மாற்றிக்கொள்ளலாம். அதற்கு முந்தைய சுற்றுகளில், நிதானமாக வாரம் 8 புள்ளி எடுக்கும் மூத்த ரிசீவரைவிட, முதன்மை ஆள் காயம்பட்டால் 20 முறை பந்து கைக்கு வரக்கூடிய இரண்டாம் நிலை ரன்னிங் பேக்கை எடுங்கள். எட்டுப் புள்ளிக்காரர் பருவம் முழுக்க யாராலும் எடுக்கப்படாமல் வெளியே கிடைப்பார்.