மரச் சீலிங் போடப் போகிறீர்களா? பெயிண்டைக் கடைசியில் முடிவு செய்யுங்கள்

ஹாலுக்கு மரத்தில் சீலிங், சுவரில் நல்ல அழுத்தமான நிறம் வேண்டும் என்று வருகிறவர்கள் பெரும்பாலும் கையில் ஷேட் கார்டோடுதான் வருகிறார்கள். இந்தப் பச்சையா அந்த நீலமா, எது எடுக்கும் என்பதுதான் முதல் கேள்வி. வீடுகளுக்கு உள் அலங்காரம் செய்து கொடுப்பதே என் வேலை என்றாலும், அந்தக் கார்டை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, முதலில் மேல்தளத்தைப் பார்க்கலாம் என்பேன். சிலருக்கு அது ஏமாற்றமாக இருக்கும். ஆனால் மரம் மேலே ஏறிவிட்டால் சுவரில் தெரிவது டப்பாவில் இருந்த நிறமாக இருக்காது, மரமும் விளக்கும் சேர்ந்து அதை மாற்றிவிடும். அதுபோக, பலகைக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே மறைந்துபோகிற அந்தச் சில அங்குல இடத்தில்தான் பின்னால் வரப்போகிற பிரச்சினைகள் பலவும் தொடங்குகின்றன. அதனால் முதலில் சீலிங்குக்குப் பின்னால் இருப்பது, அப்புறம் மரம், அப்புறம் விளக்கு, கடைசியில் பெயிண்ட். இந்த வரிசையை நான் மாற்றுவதில்லை.

எல்லாரும் கேட்பது நிறத்தைப் பற்றி என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். ஜன்னல் வழியாக வருகிற வெளிச்சத்தில் ஒரு பகுதி தரையில் பட்டு, மேலே போய், அங்கிருந்து அறை முழுக்கப் பரவுகிறது. நல்ல வெள்ளைப் பெயிண்ட் தன்மேல் விழும் ஒளியில் 80 முதல் 90 சதவீதம் வரை திருப்பிக் கொடுக்கும். பாலிஷ் போட்ட தேக்கு போன்ற அடர்ந்த மரம் பெரும்பாலும் 20 சதவீதம்கூடக் கொடுக்காது. பைன், மேப்பிள் போன்ற வெளிர் மரங்கள் இரண்டுக்கும் இடையில், ஏறக்குறைய பாதி அளவில் நிற்கும். அதாவது சீலிங்கை வெள்ளையிலிருந்து கருந்தேக்குக்கு மாற்றினால், விளக்கு ஒன்றைக்கூடக் குறைக்காமலேயே ஹால் இருட்டிவிடும். திரும்பி வருகிற அந்தக் கொஞ்ச வெளிச்சத்திலும் மரத்தின் மஞ்சளும் செம்மஞ்சளும் கலந்திருக்கும், அதுதான் சுவரில் போய் விழுகிறது.

பல பெயிண்ட் நிறுவனங்கள் ஒவ்வொரு நிறத்துக்கும் எல்.ஆர்.வி என்று ஓர் எண் தருகின்றன. கறுப்பு 0, வெள்ளை 100 என்கிற அளவுகோலில், அந்த நிறம் எவ்வளவு ஒளியைத் திருப்பும் என்பதைச் சொல்லும் எண் அது. மேலே அடர்ந்த மரம் வருகிறதென்றால், ஜன்னலுக்கு எதிர்ச் சுவருக்காவது 50-க்கு மேல் உள்ள நிறமாகப் பாருங்கள். மனிதர்களை வைத்துச் செய்த ஆய்வுகளிலும் வெளிர் சீலிங், வெளிர் சுவர் இரண்டுமே அறையின் உயரத்தைக் கூட்டிக் காட்டுவதாகத் தெரியவந்திருக்கிறது. எட்டடி உயர ஹாலில் அடர்ந்த மரமும் வேண்டும், நாலு சுவரிலும் அடர்ந்த நிறமும் வேண்டும் என்று கேட்டால் வேண்டாம் என்றே சொல்கிறேன். ஒன்றை விட்டுக்கொடுங்கள். அல்லது முழுச் சீலிங்கையும் மூடாமல், உட்காரும் இடத்துக்கு மேலே மட்டும் மரம் வைத்து மீதியை வெள்ளையாக விடுங்கள், பல வீடுகளில் முழுவதும் மூடியதைவிட அதுதான் நன்றாக இருக்கிறது.

விளக்குக்கு வருவோம். பல்பு வாங்கும்போது எல்லாரும் வாட்டைப் பார்க்கிறார்கள், சிலர் வெளிச்சம் மஞ்சளா வெள்ளையா என்று சொல்லும் கெல்வினையும் பார்க்கிறார்கள், சி.ஆர்.ஐ என்ற எண்ணைப் பார்ப்பவர்கள் குறைவு. பொருள்களின் நிறத்தை அந்த விளக்கு எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதன் அளவு அது. 100-க்கு 80 என்பது சாதாரணம், மரமும் நிறமும் சேர்ந்த அறைக்கு 90-க்குக் குறைந்து எடுக்காதீர்கள். இன்னொன்றும் உண்டு: சி.ஆர்.ஐ கணக்கில் வருகிற எட்டு மாதிரி நிறங்களும் மங்கலானவை, அழுத்தமான சிவப்பு அதில் சேராது. அந்தச் சிவப்புக்கு ஆர்9 என்று தனி எண் உண்டு. மரத்தின் செம்மையும் செங்கல் நிறச் சுவரும் உயிரோடு தெரிவதா, சேறு பூசினதுபோல் தெரிவதா என்பது பெருமளவு அதைப் பொறுத்தது. கெல்வினில் 2700 முதல் 3000 வரை மரத்துக்கு இதமாக இருக்கும், ஆனால் அதே வெளிச்சத்தில் நீலமும் சாம்பலும் கொஞ்சம் அழுக்காகத் தெரியும். இரண்டும் வேண்டுமென்றால் 3500 பக்கம் போகலாம்.

இப்போது நிறம். பைன், தேக்கு போன்ற மரங்கள் எல்லாம் அடிப்படையில் செம்மஞ்சள் குடும்பம். அதற்கு நேர் எதிர் நீலம். எதிரெதிர் நிறங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் இரண்டுமே இன்னும் தூக்கலாகத் தெரியும். பாரிஸில் கோபெலின் நெசவாலையின் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த மிஷெல் ஷெவ்ரல் என்ற வேதியியலாளர் 1839-லேயே இதை விரிவாக எழுதினார். கறுப்புச் சாயம் சரியில்லை என்று வந்த புகாரைத் தோண்டிப் பார்த்தபோது, சாயத்தில் குறையே இல்லை, பக்கத்தில் வைத்து நெய்த நிறங்கள்தான் கறுப்பை வெளிறச் செய்கின்றன என்று கண்டுபிடித்தார். ஹாலிலும் இதே கதைதான். ஒரு வீட்டில் புதிதாக பைன் பலகை அடித்து வார்னிஷ் போட்டிருந்தார்கள், நாலு சுவரிலும் அழுத்தமான நீலம். சீலிங் ஏன் இப்படி ஆரஞ்சாக மாறிவிட்டது, சுரண்டிவிட்டு வேறு பாலிஷ் போட வேண்டுமா என்று என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். மரத்தைத் தொடவே இல்லை. எதிரெதிரே இருந்த இரண்டு நீலச் சுவர்களில் ஒன்றையும், அதற்குப் பக்கத்துச் சுவரையும் லேசான சாம்பல் கலந்த வெள்ளைக்கு மாற்றினோம். சீலிங் தன் பழைய தேன் நிறத்துக்கு வந்துவிட்டது.

எதிரெதிர்ச் சுவர்கள் என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஒரே நிறம் இரண்டு பக்கமும் இருந்தால், ஒன்றின் நிறம் மற்றதில் பட்டுப் பட்டு இன்னும் அடர்த்தியாகிவிடும். கார்டில் மிதமாகத் தெரிந்த நிறம் சுவரில் மிரட்டுவதற்கு முக்கியக் காரணம் இதுதான். நான் அதிகம் பரிந்துரைப்பது கொஞ்சம் சாம்பல் கலந்த பச்சைகளை. மரத்தோடு சண்டை போடாது, தன் இருப்பையும் விட்டுக்கொடுக்காது. செங்கல் நிறம் ஒரு சுவருக்கு அழகு. கடுகு மஞ்சளை மட்டும் யோசித்துப் போடுங்கள், இரவில் மஞ்சள் விளக்கின் கீழ் மரமும் சுவரும் ஒன்றோடொன்று கரைந்து எல்லாமே ஒரே மஞ்சளாகிவிடும். மெக்சிகோ நகரில் கட்டடக் கலைஞர் லூயிஸ் பாரகான் தனக்காக 1948-ல் கட்டிய வீட்டின் படங்களைப் பாருங்கள். ஹாலின் கூரையில் மர உத்தரங்கள் வரிசையாக ஓடும், ஆனால் அவர் பேர்போன அந்த அடர் இளஞ்சிவப்பு முன்கூடத்துச் சுவரில்தான் இருக்கும். மரமும் பலத்த நிறமும் ஒரே வீட்டில் இருக்கலாம், ஒன்றின் தலையில் ஒன்று உட்கார வேண்டியதில்லை.

இன்னொன்றையும் கணக்கில் வையுங்கள். மரம் இன்று இருக்கிற நிறத்திலேயே நிற்காது. பைன் வெளிச்சம் பட்டுப் பட்டு மெல்லப் பழுக்கும், செர்ரி நன்றாகக் கறுக்கும், வால்நட் மாறாக வெளிறும். எண்ணெய் சார்ந்த வார்னிஷ் தானாகவே மஞ்சளேறும், தண்ணீர் சார்ந்தது அவ்வளவு ஏறாது. அதனால் நிறத்தைச் சோதிக்க ஒரு பெரிய அட்டையில் இரண்டு கோட்டிங் அடித்து, பாலிஷ் முடிந்த மரத்துண்டை அதன் மேல்பக்கம் பிடித்து, காலையிலும் மதியமும் இரவு விளக்கிலும் ஒவ்வொரு சுவரிலும் வைத்துப் பாருங்கள். பழைய நிறத்தின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு அடித்துப் பார்ப்பது பயன்படாது, பக்கத்து நிறம் கண்ணை ஏமாற்றிவிடும்.

சரி, இனி மறைந்திருக்கும் பக்கம். சீலிங் அடிப்பதற்கு முன் மேல்தளத்தில் ஓதம் இருக்கிறதா என்று பார்க்காமல் வேலையைத் தொடங்கவே கூடாது. கறை தெரிகிற தளத்தை மரத்தால் மறைத்துவிடலாம் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். கசிவு நிற்காது, பார்வையிலிருந்து மறையும், அவ்வளவுதான். பலகையில் கருங்கறை வெளியே தெரிகிறபோது உள்ளே பலகையைத் தாங்கும் ரீப்பர் கட்டைகளில் பூஞ்சை நன்றாகப் பிடித்திருக்கும். மேலே குளியலறையோ தண்ணீர்த் தொட்டியோ இருந்தால், அந்த இடத்தில் கழற்றி மாட்டுகிற மாதிரி ஒரு பலகையை விட்டுவைக்கச் சொல்லுங்கள்.

மரம் ஈரத்தை வாங்கி வீங்கும், விட்டுச் சுருங்கும், பாலிஷ் போட்டாலும் இது நிற்காது, வேகம் மட்டும் குறையும். நீளவாக்கில் மாற்றம் மிகக் குறைவு, அகலவாக்கில்தான் விளையாட்டு. தோராயமாக, மரத்தின் ஈரப்பதம் 4 சதவீதம் மாறினால் பலகையின் அகலம் 1 சதவீதம் மாறும். 100 மில்லிமீட்டர் பலகைக்கு 1 மில்லிமீட்டர் என்பது சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் 4 மீட்டர் ஹாலில் அப்படி 40 பலகைகள், மொத்தம் 4 சென்டிமீட்டர். இறுக்கி அடித்துப் பசை போட்டு ஒட்டியிருந்தால் மழைக்காலத்தில் நடுவில் புடைத்துக்கொண்டு இறங்கும். ஒரு பலகையின் நாக்கு அடுத்ததன் பள்ளத்தில் கொஞ்சம் அசைய இடம் விட்டு உட்கார வேண்டும், சுவரோரம் நாலு பக்கமும் 10 மில்லிமீட்டராவது இடைவெளி வேண்டும், அதை ஓரத்தில் அடிக்கிற மெல்லிய மரப்பட்டி (பீடிங்) மறைத்துக்கொள்ளும். பலகைகளை அந்த ஹாலிலேயே குறைந்தது ஒரு வாரம், நடுவில் குச்சி வைத்துக் காற்றோட்டமாக அடுக்கி வைத்துவிட்டு அப்புறம் அடிப்பது நல்லது. சுவர்ப் பூச்சு காயாத வீட்டுக்குள் கொண்டுவந்து அடுக்காதீர்கள். ஃபேனை எக்காரணம் கொண்டும் பலகையிலோ ரீப்பரிலோ தொங்கவிட வேண்டாம், அது கான்கிரீட்டில் இருக்கும் கொக்கியில்தான் தொங்க வேண்டும்.

பூச்சிகளை அடையாளம் தெரிந்துகொள்ளுங்கள். சோபாவின் மேல் தினமும் மணல்போல ஏதோ விழுகிறது, துடைத்தால் மறுநாளும் விழுகிறது என்றால் ஒரு சிட்டிகையை வெள்ளைத் தாளில் கொட்டி பூதக்கண்ணாடியில் பாருங்கள். ஆறு பட்டை போட்டதுபோன்ற நீள்மணிகளாக இருந்தால் அது உலர்மரக் கரையானின் எச்சம். மாவுபோல நைசாக இருந்தால் மரத்தூள் வண்டாக இருக்கலாம், அது பெரும்பாலும் வெளிர் நிற மென்பகுதியைத்தான் தின்னும். பலகை வாங்கும்போதே அந்த வெளிர் ஓரம் அதிகமுள்ளதை ஒதுக்குவது இதற்காகத்தான்.

தீ விஷயத்தை வடிவமைப்பாளர்கள் பலர் பேசுவதில்லை, நான் பேசாமல் விடுவதில்லை. அறையில் தீப்பிடித்தால் சூடான புகை முதலில் மேலே போய்த்தான் சேரும், அந்த அடுக்கு ஏறத்தாழ 600 டிகிரி செல்சியஸைத் தொடும்போது அறையில் உள்ள எல்லாம் ஒன்றாகப் பற்றிக்கொள்ளும். மரச் சீலிங் அந்தச் சூட்டில்தான் இருக்கிறது. ஐரோப்பியத் தர வரிசையில் பதப்படுத்தாத மரம் பொதுவாக டி வகுப்பு, தீத்தடுப்பு ரசாயனம் ஏற்றினால் அதைவிடப் பாதுகாப்பான பி வகுப்புக்கு வரலாம். செலவு கூடினாலும் அதைக் கேட்டு வாங்குங்கள். சீலிங்குக்குள் ஓடும் ஒயர்கள் பைப்புக்குள் இருக்க வேண்டும், இணைப்புகள் கை எட்டுகிற பெட்டிக்குள் இருக்க வேண்டும், டேப் சுற்றி உள்ளே தள்ளிவிடுவதை அனுமதிக்காதீர்கள். பழைய ஹாலோஜன் பல்புகளை மரத்துக்குள் புதைக்கவே கூடாது. எல்.இ.டி என்றாலும் அதற்கு மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் டிரைவர் பெட்டிக்குக் காற்று வேண்டும். புகை கண்டறியும் கருவி ஒன்று கட்டாயம். மரம் மாதிரித் தெரியும் பி.வி.சி பலகை மலிவு, ஈரத்துக்கும் அசையாது, ஆனால் எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும் என்பதைத் தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள்.

ப்ளைவுட், எம்.டி.எஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) மேல் வெனீர் என்கிற மெல்லிய மரத்தகடு ஒட்டுகிறவர்கள் உள்ளிருக்கும் பசையைக் கேளுங்கள். அதிலிருந்து கசிகிற ஃபார்மால்டிஹைடு வாயுவை உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ல் மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியது. அந்த வாயு குறைவாகவே கசியும் என்பதற்கான இ1 தரமாவது இருக்க வேண்டும். வண்ணப் பெயிண்டில் ஈயத்தையும் கவனிக்க வேண்டும். ஈயம் சேர்க்கப்படுகிற பெயிண்டுகளில் அதிகம் இருப்பது பளிச்சென்ற மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எனாமல்களில்தான். ஈயம் 90 பி.பி.எம்-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) குறைவு என்று டப்பாவில் இருக்கிறதா பாருங்கள். பழைய வீட்டுச் சுவரைப் புதிதாக அடிக்கப் போகிறீர்கள் என்றால் காய்ந்த நிலையில் தேய்க்க விடாதீர்கள், அந்தத் தூசி குழந்தைகளின் மூளைக்குப் போகிற விஷம். நனைத்துத் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து எடுக்க வேண்டும், வேலை முடிகிற வரை குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்த வீட்டில் இருக்க வேண்டாம்.

கடைசியாக, பாலிஷ் வேலை நடக்கிற அன்று மாலை நீங்களே போய்ப் பார்க்க வேண்டிய ஒன்று. ஆளி விதை எண்ணெய் கலந்த பாலிஷைத் துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போட்டுவிட்டுப் போவது பல இடங்களில் பழக்கம். அந்த எண்ணெய் காயும்போது காற்றோடு சேர்ந்து சூடாகும், சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் ஏறிக்கொண்டே போய், யாரும் நெருப்பு வைக்காமலேயே தானாகப் பற்றிக்கொள்ளும், பெரும்பாலும் ஆட்கள் போன பிறகு. துணிகளை வெளியே தனித்தனியாக விரித்துக் காயப் போடச் சொல்லுங்கள், இல்லையென்றால் மூடியுள்ள இரும்பு வாளியில் தண்ணீரில் அமுக்கி வைக்கச் சொல்லுங்கள். அன்று இரவு வீட்டைப் பூட்டுவதற்கு முன் ஒரு சுற்று சுற்றி, எந்த மூலையிலும் ஒரு துணிகூட இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.