திருப்பரங்குன்றம் ஏன் 50-க்குள் அடங்கவில்லை?

கீழமாசி வீதியில் மொத்த வியாபாரக் கடை வைத்திருக்கும் குடும்பத்துத் தம்பி ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார். கடைக் கணக்கு இத்தனை நாள் மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் இருந்தது. போன ஆடியில் ஆரக்கிள் என்ற வேறொரு தரவுத்தளத்துக்கு மாற்றினார்கள். மறுநாள் பார்த்தால் உசிலம்பட்டி, மேலூர், வாடிப்பட்டி என்று எல்லா ஊர்க் கடைகளின் பாக்கியும் சரியாக நிற்கிறது. திருப்பரங்குன்றத்துக் கடைகளும் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கடைகளும் மட்டும் காணோம். "ரெண்டும் சாமி ஊரு. ஆடியில கை வைக்காதேன்னு சொன்னேன்ல" என்கிறாராம் அப்பா. அவருக்கு என்ன பதில் சொல்வது என்பதுதான் தம்பியின் கேள்வி.

அப்பா நல்ல கண்ணுள்ளவர். காணாமல் போனவற்றில் ஓர் ஒழுங்கு இருக்கிறது என்று பிடித்துவிட்டார், அறிவியலில் பாதி வேலை அதுதான். மீதிப் பாதி அந்த ஒழுங்கைச் சோதித்துப் பார்ப்பது. திருவாதவூரும் அழகர்கோவிலும் சாமி ஊர்கள்தானே, அவை பத்திரமாக வந்து சேர்ந்தது எப்படி? ஆண்டாளுக்கு ஆடிப்பூரம் எடுக்கிற ஊருக்கு ஆடி எப்படி ஆகாமல் போகும்? ஆகவே மாதத்தை விட்டுவிட்டு எழுத்தை எண்ணுவோம்.

தரவுத்தளத்தில் ஊர், பாக்கி என்று ஒவ்வொரு கட்டமும் ஒரு புலம். ஒவ்வொரு புலத்துக்கும் ஒரு தரவு வகை உண்டு: இது எண், இது தேதி, இது எழுத்து, இத்தனை நீளம் என்று. கடையின் ஊர்ப்பெயர்ப் புலம் வார்சார் 50, அதாவது எழுத்து வகை, நீளம் 50. ஆரக்கிளில் வார்சார்2 50 என்று போட்டிருக்கிறார்கள். பார்வைக்கு ஒன்றுதான். ஆனால் மைஎஸ்க்யூஎல் 50 என்றால் 50 குறிகள் என்று புரிந்துகொள்கிறது (எழுத்தும் அதோடு சேரும் கொக்கியும் புள்ளியும் தனித்தனிக் குறிகள்). ஆரக்கிளோ, நாம் வேறு சொல்லாதவரை, 50 பைட்டுகள், அதாவது கணினியின் 50 சேமிப்பு அலகுகள், என்று புரிந்துகொள்கிறது. ஆங்கிலத்தில் எழுதும்வரை இந்த வேறுபாடு வெளியே தெரியாது, ஏனென்றால் அங்கே ஓர் எழுத்துக்கு ஒரு பைட். தமிழில் ஒரு குறிக்கு மூன்று.

ஏன் மூன்று? எனக்கு எத்தனை முறை சொன்னாலும் அலுக்காத இடம் இது. யூனிகோடு உலக மொழிகளின் ஒவ்வொரு குறிக்கும் ஓர் எண் தருகிறது. தமிழின் பகுதி 2944 முதல் 3071 வரை. அதில் 'த' 2980. இந்த எண்ணைப் பைட்டுகளாக எழுதிவைக்கும் முறைதான் யூடிஎஃப்-8. 1992 செப்டம்பரில் கென் தாம்சனும் ராப் பைக்கும் நியூ ஜெர்சியில் ஓர் உணவகத்தில் உட்கார்ந்து, தட்டுக்கு அடியில் விரிக்கும் தாளில் வரைந்தது.

ஒரு பைட் என்பது எட்டு பிட். ஒரு பிட் என்பது 0 அல்லது 1. அது 0-வில் தொடங்கினால் தனி ஆள். 110 என்று தொடங்கினால் பின்னால் இன்னொருவர் வருகிறார். 1110 என்றால் பின்னால் இருவர். பின்னால் வருபவர் ஒவ்வொருவரும் 10 என்றுதான் தொடங்க வேண்டும். இந்த அடையாளங்கள் போக மிஞ்சும் இடத்தில்தான் எண்ணை நிரப்ப முடியும். இரண்டு பைட்டில் மிஞ்சுவது 5 பிட்டும் 6 பிட்டும். அதாவது 2047 வரை. கிரேக்கமும் அரபியும் அதற்குள் அடங்கிவிடுகின்றன. தமிழ் தொடங்குவதே 2944-இல். எனவே மூன்று பைட். 'த' இப்படி நிற்கிறது: 11100000 10101110 10100100. நீளமான உரையின் நடுவில் எந்தப் பைட்டில் போய் விழுந்தாலும், அதன் முதல் பிட்டுகளைப் பார்த்தே நாம் எழுத்தின் தலையில் இருக்கிறோமா வாலில் இருக்கிறோமா என்று சொல்லிவிடலாம். எவ்வளவு அழகான ஏற்பாடு!

இப்போது திருப்பரங்குன்றம். நம் கணக்கில் பத்து எழுத்து. யூனிகோடு 'தி'யை 'த' என்றும் இகரக் கொக்கி என்றும் இரண்டாக வைக்கிறது. 'ம்' என்பது 'ம'வும் அதன்மேல் ஒரு புள்ளியும். (மெய்யோடு அகரம் சேர்ந்து 'ம' பிறக்கிறது என்பது நம் இலக்கணம், யூனிகோடு அதைத் தலைகீழாக, 'ம'வில் புள்ளி வைத்து அகரத்தைக் கழற்றுகிறது.) அப்படி எண்ணினால் 17 குறிகள், 51 பைட்டுகள். ஸ்ரீவில்லிபுத்தூர் 18 குறிகள், 54 பைட்டுகள். உசிலம்பட்டி 33, அலங்காநல்லூர் 39. புலத்தில் இருந்த இடம் 50.

அந்த 51-வது பைட் எது தெரியுமா? கடைசி மகரமெய்யின் புள்ளி மூன்று பைட் அல்லவா, அதில் மூன்றாவது. ஒரு புள்ளியின் மூன்றில் ஒரு பங்குக்கு இடமில்லாமல் திருப்பரங்குன்றமே வெளியே நின்றிருக்கிறது. ஆரக்கிள் பெயரை வெட்டி ஏற்றாது, அந்தக் கடையின் பதிவு வரியையே மறுத்துவிடும். தரவை மொத்தமாக ஏற்றும் கருவி, மறுத்த வரிகளைத் தனிக் கோப்பில் எழுதிவைக்கும். உங்கள் கடைகள் அதில்தான் இருக்கும், தம்பி.

மற்ற வகை வேறுபாடுகளையும் ஒரு கண் பாருங்கள். விலையை ஃப்ளோட்டில் (இரும எண்ணில் தோராயமாக வைக்கும் வகை) வைத்திருந்தால் டெசிமலுக்கு (பத்தின் கணக்கில் துல்லியமாக வைக்கும் வகை) மாற்றுங்கள். 10 பைசாவை, அதாவது 0.1 ரூபாயை, இரும எண்ணில் முடிவாக எழுதவே முடியாது. கைபேசி எண் இல்லாதவர்களுக்கு வெற்றுச் சரம் (ஓர் எழுத்தும் இல்லாத உரை) போட்டிருந்தால் ஆரக்கிள் அதை நல் (null), அதாவது 'மதிப்பே இல்லை', என்று ஆக்கிவிடும். 0000-00-00 என்ற தேதியை அது ஏற்காது. வகை மாற்றத்தை இலேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது: 1996 ஜூன் 4 அன்று ஏரியான் 5 ராக்கெட் புறப்பட்ட சுமார் 40 விநாடிகளில் சிதறியதற்குக் காரணம், 64 பிட் எண் ஒன்றை 16 பிட்டுக்குள் திணித்ததுதான்.

எனக்கு இதில் ஓர் ஆதங்கம் உண்டு. தமிழ்க் கணிமைக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு சிறு பங்கை எடுத்து, தமிழ்நாட்டின் எல்லா ஊர்ப்பெயர்களையும் குறி எண்ணிக்கை, பைட் எண்ணிக்கையோடு ஒரு சோதனைப் பட்டியலாகப் பொதுவில் வைக்கலாம். மென்பொருள் எழுதுபவர் 'மதுரை'யை மட்டும் தட்டிப் பார்த்துவிட்டு, அது 15 பைட்டில் அடங்கியதும் முடிந்தது என்று எழுந்துவிடுகிறார். இதற்கு முனைவர் பட்டம் கிடைக்காது. ஆனால் எத்தனையோ கடைகளின் பாக்கி காணாமல் போகாது.

புலத்தை வார்சார்2 50 சார் என்று மாற்றச் சொல்லுங்கள்; அந்தக் கடைசிச் சொல் இருந்தால் ஆரக்கிளும் குறிகளையே எண்ணும். பிறகு மறுத்த கோப்பை மட்டும் திரும்ப ஏற்றி, இரண்டு பக்கமும் ஊர்வாரியாகக் கடைகளை எண்ணிப் பாருங்கள். அப்போது அப்பாவையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். அவர் கண்ணுக்கு அடுத்த ஒழுங்கும் தட்டுப்படலாம். அழகர்கோவிலில் தொடங்கச் சொல்லுங்கள். அதன் 'கோ'வின் ஓகாரக் குறி சில இடங்களில் ஒரே குறியாகவும், சில இடங்களில் ஏகாரக் கொம்பும் காலும் என இரண்டாகவும் பதிவாகியிருக்கக்கூடும். கண்ணுக்கு ஒரே ஊர். தரவுத்தளத்துக்கு 33 பைட் ஊர் ஒன்று, 36 பைட் ஊர் ஒன்று.