கெமேஜாவும் கௌஸும்

கோலாலம்பூரிலும் ஜகார்த்தாவிலும் சட்டைக்கு ஒரே பெயர்தான்: கெமேஜா. ஆனால் குட்டைப் பாவாடையை மலேசியாவில் 'ஸ்கர்ட்' என்பார்கள், இந்தோனேசியாவில் 'ரோக்' என்பார்கள். இரண்டு நாட்டு மொழிகளும் ஒரே மலாய் வேரிலிருந்து வளர்ந்தவை. அப்புறம் எப்படி இந்த வேறுபாடு? எந்தச் சொல் எப்போது கப்பலேறி வந்தது என்பதில் இருக்கிறது விடை.

1511இல் போர்த்துக்கீசியர் மலாயாத் தீபகற்பத்தின் துறைமுக நகரான மலாக்காவைப் பிடித்தார்கள். சட்டைக்கு அவர்கள் சொல் 'கமீஸா'. அதில் வரும் 'ஸ' தொண்டை அதிர ஒலிப்பது. மலாய்க்காரர்களின் நாவுக்கு அது பழக்கமில்லை, அருகிலிருந்த 'ஜ'வைப் போட்டுக்கொண்டார்கள். மிருகக்காட்சி சாலையை நாம் 'ஜூ' என்கிறோமே, அதே வேலைதான். 'ஃப' ஒலியும் அப்படித்தான். ரிப்பனைக் குறிக்கும் 'ஃபீத்தா' மலாயில் 'பீத்தா' ஆனது. நாம் காப்பி என்பதும் அவர்கள் கோப்பி என்பதும் இதனால்தான். குண்டூசிக்கான 'அல்ஃபினெத்தெ' பாவம், தலையையே இழந்து 'பெனித்தி' ஆகிவிட்டது.

காலணிக்கு இந்தோனேசியாவில் 'செபாத்து'. யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்கு இதற்கு விளக்கமே வேண்டாம். அவர்களுடைய சப்பாத்தும் 'சப்பாத்து' என்ற அதே போர்த்துக்கீசியச் சொல்தான். ஒரே சொல் இரண்டு கரைகளில் இறங்கியிருக்கிறது.

அடுத்து டச்சுக்காரர்கள். 1641இல் மலாக்காவும் அவர்கள் கைக்குப் போனது. 1824இல் ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் ஓர் ஒப்பந்தம் போட்டு, மலாயாத் தீபகற்பம் ஆங்கிலேயருக்கு, சுமத்ராவும் ஜாவாவும் டச்சுக்காரருக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். உடுப்புச் சொற்களும் அந்தக் கோட்டிலேயே பிரிந்தன. கோட்டுக்கு இந்தோனேசியாவில் டச்சு 'ஜாஸ்', மலேசியாவில் ஆங்கிலக் 'கோட்'. கழுத்துப்பட்டை, அதாவது டை, இந்தோனேசியாவில் 'டாசி'. டச்சில் 'தாஸ்' என்ற சொல்லோடு 'சின்ன' என்ற பொருள் தரும் விகுதி ஒட்டிய வடிவம் அது. மலேசியர்கள் கடன் வாங்காமல் 'தாலி லெஹெர்', அதாவது கழுத்துக் கயிறு, என்று சொந்தச் சொல்லையே வைத்துக்கொண்டார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது 'கௌஸ்'. டச்சில் அது நீண்ட காலுறை மட்டும்தான். இந்தோனேசியாவில் அதன் பொருள் பின்னல் துணி என்று விரிந்தது. விரிந்த பிறகு வெறும் 'கௌஸ்' என்றால் போதவில்லை. காலுறைக்குக் 'கௌஸ் காக்கி', அதாவது 'கால் கௌஸ்', கையுறைக்குக் 'கௌஸ் தாஙான்', 'கை கௌஸ்' என்று அடைமொழி சேர்த்தார்கள். இன்று அடைமொழி இல்லாமல் 'கௌஸ்' என்றால் டி-ஷர்ட். காலில் தொடங்கிய சொல் மார்புக்கு ஏறிவிட்டது!

அதே டி-ஷர்ட்டை மலேசியாவில் 'கெமேஜா-டி' என்று எழுதுகிறார்கள்: போர்த்துக்கீசியச் சட்டையின் பின்னால் ஓர் ஆங்கில எழுத்து.