இரண்டு உள்ளாட்சிக்கு ஒரே ஊழியர்: ஓய்வூதியத்தில் ஓட்டை விழாமல் பார்ப்பது எப்படி?

குளச்சல் நகராட்சியின் குடிநீர்க் குழாய்ப் பணியாளர் ஒருவரை வாரத்தில் மூன்று நாள் பக்கத்து ரீத்தாபுரம் பேரூராட்சிக்கு அனுப்புகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மாதச் சம்பளம் வந்துவிடும். அந்தக் காலத்தைப் பணிப்பதிவேட்டில் ஏற்றுவது யார், ஓய்வூதியப் பங்கைக் கட்டுவது யார் என்பதில்தான் சிக்கல். அதுவும் பெரும்பாலும் ஓய்வு பெறும் சமயத்தில்தான் வெளியே வரும்.

முதலில் ஆணையில் எந்தச் சொல் இருக்கிறது என்று பாருங்கள். 'கூடுதல் பொறுப்பு' என்றால் தாய் அலுவலகமே, அதாவது ஊழியர் முதலில் இருந்த அலுவலகமே, சம்பளம் தரும், பிடித்தமும் செய்யும். 'அயற்பணி' என்றால், ஆளை வாங்கிக்கொள்ளும் அமைப்பு ஓய்வூதியப் பங்களிப்பும் விடுப்புச் சம்பளப் பங்களிப்பும் கட்ட வேண்டும். எந்தத் தேதி முதல், எந்தத் தேதி வரை, கட்டுவது யார் என்ற மூன்றும் ஆணையில் எழுத்தில் இருக்க வேண்டும். வாய்மொழி உத்தரவில் போனவருக்குத்தான் பின்னால் கஷ்டம்.

1.4.2003க்கு முன் பணியில் சேர்ந்தவருக்குத் தகுதிக்காலம்தான், அதாவது ஓய்வூதியத்துக்குக் கணக்கில் எடுக்கப்படும் பணிக்காலம்தான், எல்லாம். குறைந்தது 10 ஆண்டு வேண்டும். 30 ஆண்டு, அதாவது 60 அரையாண்டு, முடிந்தால் முழு ஓய்வூதியம். கடைசிச் சம்பளம் 60,000 ரூபாய் என்றால் முழு ஓய்வூதியம் அதில் பாதி, 30,000. சரியாக 30 ஆண்டு முடித்தவருக்கு இரண்டு ஆண்டு பதிவாகாமல் போனால் 56 அரையாண்டுக்குத்தான் கணக்கு: 28,000. மாதம் 2,000 ரூபாய் ஆயுள் முழுக்கக் குறையும்.

அந்தத் தேதியிலோ பிறகோ சேர்ந்து பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் இருப்பவருக்குக் கணக்கில் ஏறும் பணமே முக்கியம். அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் சேர்த்து 40,000 என்றால் மாதப் பிடித்தம் 4,000. நிர்வாகப் பங்கு இன்னொரு 4,000. ஆறு மாதம் ஏறாவிட்டால் 48,000 ரூபாயும் அதற்கான வட்டியும் போச்சு. சம்பளச் சீட்டில் பிடித்தம் காட்டுவதால் மட்டும் பணம் கணக்கில் ஏறிவிட்டதாக அர்த்தமில்லை. ஆண்டுக் கணக்குத்தாளை மாதவாரியாக ஒப்பிட்டுப் பாருங்கள். இடம் மாறும் மாதத்தில்தான் பெரும்பாலும் விடுபடும். கடைசியாக வாங்கிய சம்பளத்தையும் பிடித்தத்தையும் காட்டும் இறுதிச் சம்பளச் சான்று புதிய இடத்துக்குப் போகாததே காரணம்.

பணிவிடுவிப்பு ஆணை, பணியேற்பு அறிக்கை, இறுதிச் சம்பளச் சான்று மூன்றுக்கும் நகல் வாங்கி வையுங்கள். ஆண்டுக்கொரு முறை பணிப்பதிவேட்டைப் பார்த்துப் பணி சரிபார்ப்புப் பதிவு இருக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள். இல்லையென்றால் எழுத்தில் மனு கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். ஓய்வூதியம் கொடையல்ல, உரிமை என்று உச்ச நீதிமன்றம் தேவகிநந்தன் பிரசாத் வழக்கில் 1971இலேயே சொல்லிவிட்டது. ஆனாலும் பதிவேட்டில் காலியாகக் கிடக்கும் பக்கத்தை அந்தத் தீர்ப்பு நிரப்பித் தராது.

ஒப்பந்ததாரர் வழியாக வேலை பார்க்கும் தூய்மைப் பணியாளர் கதை வேறு. அவருக்குரியது வருங்கால வைப்பு நிதி. அதன் ஓய்வூதியத்துக்கும் 10 ஆண்டுச் சேவை தேவை. ஒப்பந்ததாரர் மாறினாலும் யுஏஎன் எனப்படும் வைப்பு நிதி உறுப்பினர் எண் ஒன்றாகவே இருக்க வேண்டும். புதிதாக இன்னொரு எண் போட்டுவிட்டால் பழைய சேவை தனியே நின்றுவிடும். அதை உடனே இணைக்கக் கேளுங்கள். ஒப்பந்ததாரர் கட்டத் தவறினால், முதன்மை வேலையளிப்பவர் என்ற முறையில் உள்ளாட்சியும் பொறுப்பேற்க வேண்டியிருக்கும்.

நகராட்சி, பேரூராட்சி ஊழியரின் ஓய்வூதியக் கருத்துரு (ஓய்வூதியம் கேட்டு அனுப்பும் கோப்பு) உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறைக்குப் போகும். விடுபட்ட காலம் இருந்தால் அங்கிருந்து கோப்பு திரும்பி வரும். அங்கே பணி செய்த காலத்துக்கான இரண்டாவது உள்ளாட்சியின் சான்றை, கையெழுத்துப் போட வேண்டிய அதிகாரி மாறிப் போவதற்குள், பணி முடிந்த மாதமே வாங்கிவிடுவது நல்லது.