தியானம்: உள்குதல், ஊழ்கம்

‘தியானம்’ வடசொல். ‘த்யை’ என்பது அதன் வேர்; ஆழ எண்ணுதல் என்று பொருள். பாலி மொழியில் ‘ஜான’ ஆகி, புத்தத் துறவிகளோடு சீனம் போய் ‘சான்’ ஆனது. ஜப்பானியரின் வாயில் அதே சொல்தான் ‘ஜென்’.

பதஞ்சலியின் யோக சூத்திரம் மனத்தை ஓரிடத்தில் நிறுத்துவதைத் தாரணை என்கிறது. அந்த நிலை அறுபடாமல் ஓடினால்தான் தியானம். இராமானுசர், பிரம்ம சூத்திரத்துக்குத் தாம் எழுதிய உரையான ஸ்ரீபாஷ்யத்தில் இதற்கு எண்ணெய் ஒழுக்கை உவமை சொல்கிறார். தண்ணீர் ஊற்றினால் சிதறும். எண்ணெய் ஒரே இழையாக இறங்கும். கண்ணை மூடி உட்கார்ந்த முதல் வாரத்திலேயே அந்த இழை யாருக்கும் வந்துவிடாது. நெடுங்காலம், இடைவிடாமல், மதிப்போடு செய்தால்தான் பயிற்சி வேர் பிடிக்கும் என்று பதஞ்சலியே சொல்லிவிடுகிறார். பாலியில் தியானப் பயிற்சிக்கு இன்னொரு பெயர் ‘பாவனா’, அதாவது வளர்த்தெடுத்தல். திபெத்தியர் ‘கோம்’ என்பார்கள். பழகிக்கொள்ளுதல் என்று அர்த்தம். நம்முடைய ‘சித்திரமும் கைப்பழக்கம்’ நினைவுக்கு வருகிறது.

சரி, பழகினால் என்ன கிடைக்கும்? 3,515 பேர் பங்கேற்ற 47 ஆய்வுகளை 2014-இல் அமெரிக்க மருத்துவர்கள் தொகுத்துப் பார்த்தார்கள். பதற்றம், மனச்சோர்வு, வலி மூன்றும் ஓரளவு குறைவது தெரிந்தது. உடல் எடை, தூக்கம் போன்றவற்றில் அவ்வளவு உறுதியான சான்று இல்லை. அமெரிக்க மூளை ஆய்வாளர் சாரா லாசரின் குழு 2005-இல் பல ஆண்டுகள் பயின்ற 20 பேரின் மூளையைப் படமெடுத்தபோது, கவனத்தோடும் உடலுணர்வோடும் தொடர்புடைய சில பகுதிகள் மற்றவர்களைவிடத் தடித்திருந்தன. தியானம்தான் காரணம் என்று அதை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. எட்டு வாரப் பயிற்சியால் மூளையின் அமைப்பே மாறிவிடும் என்ற பேச்சும் 2022-இல் வந்த பெரிய ஆய்வில் நிற்கவில்லை. ‘பத்தே நாளில் மன அமைதி’ என்ற விளம்பரங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. பதினொன்றாம் நாள் எத்தனை பேர் ஏமாந்து எழுந்து போயிருப்பார்கள்!

அப்புறம், தமிழில் என்ன சொல்வது? வேதாத்திரி மகரிஷியின் மனவளக்கலை மன்றங்களில் ‘தவம்’ என்கிறார்கள். இனிய சொல்தான். ஆனால் குறளில் தவத்தின் உரு வேறு: தனக்கு வந்த துன்பத்தைப் பொறுப்பது, பிற உயிருக்குத் துன்பம் செய்யாதிருப்பது. ‘நிட்டை’ வடமொழி ‘நிஷ்டா’விலிருந்து வந்தது. ‘மோனம்’ பேசாமையைக் குறிக்கும். தியானத்தின் ஒரு பக்கம் மட்டுமே அது.

என் தேர்வு ‘உள்குதல்’. ‘உள்ளுவ தெல்லாம் உயர்வுள்ளல்’ என்னும் குறளில் உள்ள ‘உள்ளுதல்’ போலவே இதுவும் எண்ணுதலைக் குறிக்கிறது. இடைவிடாமல் நினைத்தல் என்ற பொருளில் தேவாரத்திலும் வருகிறது. ‘த்யை’ தரும் பொருளும் இதுதானே. பெயர்ச்சொல் வேண்டுமென்றால், தனித்தமிழ் அன்பர்கள் வழங்கும் ‘ஊழ்கம்’ இருக்கிறது. இன்று புனைகதைகளிலும் புழங்குகிறது.

வழக்கு: ‘பாட்டி தினமும் விடியலில் அரை மணி நேரம் உள்குவார்.’ ‘இருபது ஆண்டு ஊழ்கப் பயிற்சி உள்ளவர்.’