ஒரு ஏக்கர் வேலியும் நூறு ஏக்கர் வேலியும்: இங்கிலாந்தின் பொதுநிலம் போன வழி

இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம்ஷயரில் லாக்ஸ்டன் என்றொரு சின்ன ஊர் இருக்கிறது. ஆண்டுதோறும் நவம்பர் கடைசியில் அந்த ஊர் விவசாயிகள் சிலர் நடுவர் குழுவாகச் சேர்ந்து, கோதுமை விதைத்த பெருவயலைச் சுற்றி வருவார்கள். யாராவது வயலில் தனக்கென்று உள்ள நீளத் துண்டை, அதாவது பட்டையை, தாண்டிப் பொதுப் புல்தரையிலும் கொஞ்சம் ஏர் ஓட்டியிருந்தால், எல்லையில் முளைக்குச்சி அடித்து, பெயரைக் குறித்துக்கொண்டு அபராதம் போடுவார்கள். பட்டைக்கும் பட்டைக்கும் நடுவே வேலி கிடையாது. உழவுத் தடம்தான் எல்லை.

இன்று வேடிக்கை பார்க்கப் போகிறவர்களுக்கு இது அதிசயமாக இருக்கலாம். 700 ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தின் நடுப்பகுதி முழுக்க விவசாயம் இப்படித்தான் நடந்தது.

ஊரைச் சுற்றி இரண்டோ மூன்றோ பெருவயல்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் நீளநீளமான பட்டைகள். ஒரு முழுப் பட்டை சுமார் 200 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம். பெருக்கிப் பார்த்தால் ஒரு ஏக்கர்தான். கனமான ஏரில் எட்டு எருதுகள் வரை பூட்டினால் திரும்புவது பெரும்பாடு என்பதால்தான் இந்த நீளம். ஒரு குடும்பத்துக்கு இருபது பட்டை இருந்தாலும் அவை ஓரிடத்தில் இருக்காது. மேட்டில் சில, பள்ளத்தில் சில, களிமண்ணில் சில என்று சிதறிக் கிடக்கும். பார்க்கக் கிறுக்குத்தனமாகத் தோன்றும் இந்த ஏற்பாட்டில் ஒரு பாதுகாப்பு இருந்தது. மழை அதிகமானால் பள்ளத்துப் பயிர் போகும், மேட்டுப் பயிர் நிற்கும். நல்ல மண் முழுக்க ஒருவர் கையிலேயே சேரவும் சேராது.

மூன்று வயல் உள்ள ஊரில் ஆண்டுக்கு ஒரு வயலைத் தரிசாகப் போடுவார்கள். ஊர் ஆடு மாடுகள் அங்கே மேயும். பயிர் நின்ற வயலிலும் அறுத்ததும் முதலில் ஏழைப் பெண்களும் பிள்ளைகளும் இறங்கிச் சிந்திய கதிரைப் பொறுக்குவார்கள். அப்புறம் கால்நடைகளை விடுவார்கள். நம் ஊரில் அறுவடை முடிந்த வயலில் கிடை போடுவது போலத்தான்: தீனி ஆட்டுக்கு, எரு மண்ணுக்கு. ஆக, ஒரே துண்டு நிலம் பயிர் நிற்கும் மாதங்களில் ஒருவருடையது, மற்ற மாதங்களில் ஊருடையது.

பெருவயல்களுக்கு வெளியே புதர்வெளி, சதுப்பு, காட்டோரம். இதைத்தான் ‘காமன்’ என்றார்கள். இதை நம் புறம்போக்கோடு சேர்த்து யோசித்தால் குழப்பம்தான் வரும். ஏனென்றால் அதற்குப் பெரும்பாலும் ஒரு சொந்தக்காரர் இருந்தார், ஊரின் நிலப்பிரபு. ஆனால் அவருடைய மண்ணின் மேல் மற்றவர்களுக்கு உரிமைகள் இருந்தன. ஒருவருக்கு மாடு மேய்க்கும் உரிமை, இன்னொருவருக்கு விறகு பொறுக்கும் உரிமை, எரிப்பதற்குப் பீட் என்ற கரிமண்ணை வெட்டும் உரிமை, இலையுதிர் காலத்தில் ஓக் மரக் கொட்டைகளைத் தின்னப் பன்றிகளை ஓட்டிவிடும் உரிமை, குளத்தில் மீன் பிடிக்கும் உரிமை. வழிப்போக்கருக்கு இதெல்லாம் கிடையாது. இன்ன வீட்டுக்கு இன்ன உரிமை என்று கணக்கு இருந்தது. பல ஊர்களில், குளிர்காலம் முழுக்க உன் சொந்தத் தீவனத்தில் எத்தனை மாட்டைக் காப்பாற்ற முடியுமோ அத்தனை மாட்டைத்தான் கோடையில் பொதுவெளியில் விடலாம் என்பது விதி. பொதுவெளியைக் கிளறாமல் இருக்கப் பன்றிக்கு மூக்கு வளையம் போட வேண்டும். மீறினால் நிலப்பிரபுவின் பெயரில் நடக்கும் ஊர் மன்றத்தில் அபராதம்.

வேலியடைப்பு என்பது இந்த உரிமைகளை எல்லாம் ஒரே வீச்சில் கழற்றிவிட்டு, ஒரு துண்டு நிலத்துக்கு ஆண்டு முழுவதும் ஒரே ஒரு சொந்தக்காரர் என்று ஆக்குவது. கட்டையும் முள்ளும் கடைசியில் வருபவை. முதலில் நடப்பது காகிதத்தில்.

இது 18-ஆம் நூற்றாண்டில் திடீரென்று முளைத்ததல்ல. 1235-லேயே மெர்ட்டன் சட்டம், குடியானவர்களுக்குப் போதுமான மேய்ச்சல் விட்டுவைத்தால் மீதியைப் பிரபு அடைத்துக்கொள்ளலாம் என்றது. எவ்வளவு ‘போதும்’ என்பதில்தான் அடுத்த பல நூறு ஆண்டுச் சண்டையே. 1348-ல் வந்த கொள்ளைநோயில் ஆட்கள் செத்து உழவுக்குக் கை இல்லாமல் போயிற்று, கம்பளிக்கு நல்ல விலை இருந்தது. உழவு நிலத்தை ஆட்டு மேய்ச்சலாக மாற்றிக் குடிகளை வெளியேற்றினார்கள். ஆடுகள் மனிதர்களைத் தின்கின்றன என்று ஆங்கில எழுத்தாளர் தாமஸ் மோர் 1516-ல் கிண்டலாக எழுதியது இதைப் பார்த்துத்தான். 1489 தொடங்கி அரசர்களே தடைச்சட்டம் போட்டார்கள். ஊர் காலியானால் வரிக்கும் படைக்கும் ஆள் ஏது?

1549-ல் நார்ஃபோக்கில் வெடித்த கலகத்தின் தலைவர் ராபர்ட் கெட் கதை வினோதமானது. அவரே கொஞ்சம் நிலத்தை அடைத்து வைத்திருந்தவர். கூட்டம் அவருடைய வேலியைப் பிடுங்க வந்தபோது, அவர்கள் சொல்வது நியாயம் என்று தன் வேலியைத் தானே பிடுங்கிவிட்டு முன்னால் நடந்தார். நாரிச் நகருக்கு வெளியே ஏறத்தாழ 16,000 பேர் திரண்டார்கள். அரசு படையை அனுப்பி நசுக்கியது. டிசம்பரில் கெட் நாரிச் கோட்டையில் தூக்கிலிடப்பட்டார்.

அதற்கு இருநூறு ஆண்டுக்குப் பிறகு, அரசும் நாடாளுமன்றமும் அடைப்பவர்கள் பக்கம் வந்துவிட்டன. 1604 முதல் 1914 வரை 5,200-க்கும் மேற்பட்ட தனித்தனி அடைப்புச் சட்டங்கள் நிறைவேறின. பெரும்பாலானவை 1750-க்கும் 1850-க்கும் இடையில். மொத்தம் சுமார் 68 லட்சம் ஏக்கர், அதாவது இங்கிலாந்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. மீதியில் பெரும்பகுதி அதற்கு முன்பே சட்டம் எதுவும் இல்லாமல், ஒப்பந்தத்தாலும் கட்டாயத்தாலும் அடைபட்டுப் போயிருந்தது.

ஓர் ஊருக்கு ஒரு சட்டம் என்றால் அது எப்படி நடந்தது? பெரிய நிலக்காரர்கள் நாடாளுமன்றத்துக்கு மனுப் போடுவார்கள். 1774-க்குப் பிறகு ஒரு விதி வந்தது: ஆகஸ்ட் அல்லது செப்டம்பரில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் தேவாலயக் கதவில் அறிவிப்பு ஒட்ட வேண்டும். அதற்கு முன் அதுகூடக் கட்டாயமில்லை. சம்மதம் கேட்பார்கள், ஆனால் தலையை எண்ண மாட்டார்கள், நிலத்தின் மதிப்பை எண்ணுவார்கள். முக்கால் பங்கோ ஐந்தில் நான்கு பங்கோ மதிப்புள்ள நிலத்தின் சொந்தக்காரர்கள் சரி என்றால் போதும். அந்த நிலம் முழுக்க ஒரே பிரபுவிடம் இருந்தால் அவர் ஒருவர் தலையாட்டினாலே வேலை முடிந்தது. ஊரில் மீதி நாற்பது குடும்பம் வேண்டாம் என்றாலும் கணக்கில் வராது. மசோதாவைப் பரிசீலிக்கும் உறுப்பினர்களும் நிலக்காரர்கள்தான்.

சட்டம் நிறைவேறியதும் ஆணையர்கள், வழக்கமாக மூன்று பேர், ஒரு சர்வேயரோடு வந்து இறங்குவார்கள். உரிமை உள்ளவர்கள் எழுத்தில் கோரிக்கை தர வேண்டும். ஏழைகளுக்கு விழுந்த முதல் அடி இங்கேதான். மேய்ச்சல் உரிமை பெரும்பாலும் வீட்டோடு ஒட்டிய உரிமை. ஈடாகக் கிடைக்கும் நிலம் வீட்டின் சொந்தக்காரருக்குப் போகும். அந்த வீட்டில் வாடகைக்கு இருந்து, பல ஆண்டுகளாகப் பசு மேய்த்து வந்த கூலித் தொழிலாளிக்கு ஒன்றும் இல்லை. புதர்வெளியின் ஓரத்தில் குடிசை போட்டு, கேட்பாரில்லாமல் விறகு பொறுக்கியவருக்கும் காட்டப் பத்திரம் இல்லை. வழக்கம் வேறு, உரிமை வேறு என்று அன்றுதான் அவர்களுக்குத் தெரிந்தது. கதிர் பொறுக்குவதற்குப் பொதுச்சட்டத்தில், அதாவது வழக்கத்தாலும் தீர்ப்புகளாலும் உருவான சட்டத்தில், உரிமையே இல்லை என்று 1788-ல் நீதிமன்றமும் தீர்ப்புச் சொல்லியிருந்தது.

அடுத்த அடி வடிவியலிலிருந்து வந்தது. நிலம் கிடைத்தவர் குறிப்பிட்ட மாதங்களுக்குள் தன் செலவில் வேலி போட வேண்டும். பெரும்பாலும் ஹாதார்ன் என்ற முள்செடியால் உயிர்வேலி. நாற்றாக நட்டால் அது மாடு நுழையாத அளவுக்கு அடர்வதற்குப் பல ஆண்டுகள் ஆகும். அதுவரை அந்த நாற்றையே மாடு தின்றுவிடாமல் காக்க மரவேலி வேறு. கூடவே பள்ளம் வெட்ட வேண்டும். இனி கணக்கைப் பாருங்கள். சதுரமான ஒரு ஏக்கருக்குப் பக்கம் சுமார் 64 மீட்டர், சுற்றளவு சுமார் 255 மீட்டர். சதுரமான நூறு ஏக்கருக்குச் சுற்றளவு சுமார் 2,545 மீட்டர். அதாவது பெரிய நிலக்காரர் ஏக்கருக்கு 25 மீட்டர் வேலி போட்டால் சிறியவர் 255 மீட்டர் போட வேண்டும். பத்து மடங்கு! பக்கத்துக்காரரோடு வேலியைப் பங்கு போட்டாலும் இந்த விகிதம் பெரிதாக மாறாது. பரப்பு நூறு மடங்கு வளரும்போது சுற்றளவு பத்து மடங்குதான் வளரும் என்பது சட்டம் எழுதியவர்கள் கண்டுபிடித்ததல்ல. ஆனால் அது யாருக்குச் சாதகம் என்பது அவர்களுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. வக்கீல், சர்வேயர், புதுச் சாலை என்று பொதுச் செலவுகளும் பங்குக்கேற்பத் தலையில் விழுந்தன. விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைத் தேவாலய வரியாக, அதாவது தசமபாகமாக, வாங்கும் உரிமை உள்ளவருக்கு அதற்கு ஈடாகப் பல ஊர்களில் உழவு நிலத்தில் ஐந்தில் ஒரு பங்கு வரை ஒதுக்கினார்கள். அதற்கு வேலி போடும் செலவு பெரும்பாலும் மற்றவர்கள் தலையில். இரண்டு மூன்று ஏக்கர் கிடைத்தவர்களில் பலர் வேலி போட வழியில்லாமல் அதையும் விற்றார்கள். யாரிடம் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஒரு கூலிக் குடும்பத்துக்குப் பசு போவதென்றால் பால் மட்டும் போவதில்லை. ஆண்கள் பண்ணைக் கூலிக்குப் போக, பசுவையும் விறகையும் கதிரையும் பார்த்துக்கொண்டது பெண்களும் பிள்ளைகளும். அந்த வேலைக்கே இடமில்லாமல் போனதும் குடும்பம் முழுக்கக் கூலியை நம்பி நின்றது. வேளாண்மை வாரியத்தின் செயலாளர் ஆர்தர் யங் வேலியடைப்புக்காக ஊர் ஊராகப் பிரசாரம் செய்தவர். அவரே 1801-ல், இருபது அடைப்புச் சட்டங்களில் பத்தொன்பதில் ஏழைகளுக்குத் தீங்குதான் நேர்ந்தது என்று எழுதினார். ஏழை என்ன சொல்வான் என்றும் எழுதினார்: “எனக்குத் தெரிந்ததெல்லாம் என்னிடம் ஒரு பசு இருந்தது, நாடாளுமன்றச் சட்டம் ஒன்று அதைப் பிடுங்கிக்கொண்டது என்பதுதான்.”

சரி, இதனால் விளைச்சல் கூடியதா? கூடியது என்றே தோன்றுகிறது. எவ்வளவு என்பதில்தான் சண்டை. வேலி வந்ததும் ஊரைக் கேட்காமல் தரிசு காலத்தில் க்ளோவர், டர்னிப் என்று தீவனப் பயிர் போடலாம். வடிகால் வெட்டலாம். ஊர் மந்தையோடு கலக்காமல் நல்ல காளையை வைத்து இனம் பெருக்கலாம், தொற்றுநோயும் குறையும். ஆனால் பொருளாதார வரலாற்றாளர் ராபர்ட் ஆலன், திறந்த வயல் விவசாயிகளும் புதுப் பயிர்களை ஏற்றார்கள், விளைச்சலில் பெரிய உயர்வு வேலிக்கு முன்பே வந்துவிட்டது, வேலியால் அதிகம் உயர்ந்தது குத்தகைதான் என்று வாதிட்டார். மறுபுறம், 1750 முதல் 1830 வரையான அடைப்புச் சட்டங்களை மொத்தமாக எடுத்து ஆராய்ந்து ஹெல்ட்ரிங், ராபின்சன், வால்மர் மூவரும் 2022-ல் வெளியிட்ட ஆய்வு, அடைத்த ஊர்களில் விளைச்சலும் கூடுதல், நில ஏற்றத்தாழ்வும் கூடுதல் என்கிறது. எனக்கு இந்த இரண்டாவது முடிவு நம்பும்படி இருக்கிறது, ஏனென்றால் அது யாருக்கும் முழு ஆறுதல் தரவில்லை. வேலியால் துரத்தப்பட்டவர்கள்தான் அப்படியே ஆலைத் தொழிலாளிகள் ஆனார்கள் என்று சொல்வதுண்டு. அது பாதிதான் சரி. வேலி நடவும் பள்ளம் வெட்டவும் ஆள் தேவைப்பட்டதால், அடைத்த பல ஊர்களில் மக்கள் தொகை உடனே குறையவில்லை.

பொதுச் சொத்து எப்படியும் நாசமாகத்தான் போகும், எனவே வேலி நல்லதே என்ற வாதம் மட்டும் இந்தச் சான்றுகளிலிருந்து வருவதல்ல. அது 1968-ல் ‘சயன்ஸ்’ இதழில் சூழலியலாளர் கேரட் ஹார்டின் எழுதிய கட்டுரையால் பரவியது. எல்லோருக்கும் திறந்த மேய்ச்சல் நிலத்தில் ஒவ்வொருவரும் இன்னொரு மாட்டைச் சேர்ப்பார்கள், கடைசியில் புல்லே இருக்காது என்றார் அவர். தர்க்கத்தில் குறையில்லை. ஆனால் அவர் சொல்வது விதியே இல்லாத நிலம். ஸ்விட்சர்லாந்தின் டர்பல் கிராமம் 1517-லேயே, குளிர்காலத்தில் தீனி போட முடிகிற மாடுகளை மட்டும்தான் மலைமேய்ச்சலுக்கு அனுப்பலாம் என்று எழுதி வைத்தது. இங்கிலாந்தின் விதியும் அதேதான். இத்தகைய ஏற்பாடுகளை உலகம் முழுவதும் ஆராய்ந்ததற்காகத்தான் எலினோர் ஆஸ்ட்ரம் 2009-ல் பொருளாதார நோபல் பெற்றார்.

வேலியைத் தடுத்து நிறுத்தியது பெரும்பாலும் அந்தக் கூலி மக்கள் அல்ல. ஆக்ஸ்ஃபோர்டுக்கு அருகே ஆட்மூர் சதுப்பில் 1830-ல் அவர்கள் வேலிகளைப் பிடுங்கினார்கள். பிடிபட்ட நாற்பதுக்கும் மேற்பட்டவர்களை, ஆக்ஸ்ஃபோர்டில் நடந்த செயின்ட் கைல்ஸ் திருவிழாக் கூட்டம் காவலரிடமிருந்து மீட்டு அனுப்பியது. இருந்தும் வேலி நின்றது. ஆள்பலமும் பணமும் வக்கீலும் சேர்ந்தபோது கதை மாறியது. 1866-ல் பெர்காம்ஸ்டெட் பொதுவெளியில் 400 ஏக்கருக்கு மேல் பிரவுன்லோ பிரபு இரும்பு வேலி போட்டார். அங்கே பொது உரிமை வைத்திருந்த செல்வந்தர் அகஸ்டஸ் ஸ்மித், மார்ச் 6-ஆம் தேதி இரவு லண்டனிலிருந்து தனி ரயிலில் சுமார் 120 கூலியாட்களைக் கடப்பாரையோடு இறக்கினார். விடிவதற்குள் ஏறத்தாழ 5 கிலோமீட்டர் வேலியைக் கழற்றி, சேதமில்லாமல் அடுக்கி வைத்துவிட்டார்கள். செய்தி கேட்டு ஊர் மக்கள் வண்டியிலும் நடந்தும் வந்தார்கள். பிரபு வழக்குப் போட்டார். 1870-ல் தீர்ப்பு ஸ்மித் பக்கம். ரயிலில் லண்டன்காரர்கள் காற்று வாங்க வரத் தொடங்கிய காலம் அது. பொதுவெளி மாட்டுக்காக அல்லாமல் மனிதர் நடப்பதற்காகக் காப்பாற்றப்பட்டது.

இப்போது இங்கிலாந்தில் பொதுநிலம் சுமார் 3 சதவீதம். அதைக் காக்க 1965-ல் ஒரு சட்டம் வந்தது: பொதுநிலங்களையும் அவற்றின் மேலுள்ள உரிமைகளையும் பதிவு செய்ய வேண்டும். பலருக்குத் தகவல் தெரியவில்லை. சிலர் மாடு வளர்ப்பதை விட்டதால் அக்கறை காட்டவில்லை. 1970-ல் கெடு முடிந்தபோது, பதிவேட்டில் ஏறாத மேய்ச்சல் உரிமைகள் செல்லாமல் போயின. விட்டுப்போன நிலங்கள் சிலவற்றைப் பதிவேட்டில் சேர்க்க 2006-ல் இன்னொரு சட்டம் போட வேண்டியிருந்தது.