501-வது யூனிட்டின் விலை 243 ரூபாய்

இரண்டு மாதத்தில் ஒரு வீட்டில் சரியாக 500 யூனிட் ஓடியிருந்தால் கரண்ட் பில் 1,805 ரூபாய். பக்கத்து வீட்டில் 501 யூனிட் ஓடியிருந்தால் 2,048 ரூபாய் 40 பைசா. ஒரே ஒரு யூனிட் கூடினதற்கு 243 ரூபாய் 40 பைசா. மீட்டரில் ஏதோ கோளாறு என்றுதான் முதலில் தோன்றும். மீட்டர் ஒழுங்காகத்தான் ஓடுகிறது. கணக்குப் போடுகிற முறைதான் அந்த ஒரு யூனிட்டில் மாறிவிடுகிறது.

தமிழ்நாட்டில் 2024 ஜூலையில் வந்த கட்டணப்படி 500 யூனிட்டுக்குள் நிற்கும் வீட்டுக்கு முதல் 100 இலவசம். 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2 ரூபாய் 35 பைசா, 400 வரை 4.70, 500 வரை 6.30. 500-ஐத் தாண்டிய வீட்டுக்கு வேறு பட்டியல். முதல் 100 அங்கேயும் இலவசம்தான். ஆனால் அடுத்த நூறுக்கான 2.35 என்ற சலுகை போய், 101-லிருந்தே 4.70 ஆகிவிடும். அதில் மட்டும் 235 ரூபாய் போச்சு. 501-வது யூனிட்டின் சொந்த விலை 8.40. இரண்டையும் கூட்டினால் அந்த 243.40. அதற்கு மேல் 600-ஐத் தாண்டினால் 9.45, 800-ஐத் தாண்டினால் 10.50, ஆயிரத்துக்கு மேல் 11.55.

ஆக, நம் ஊரில் ஒவ்வொரு வீட்டு சர்வீஸுக்குள்ளும் இரண்டு திட்டங்கள் இருக்கின்றன. எது வேண்டும் என்று யாரும் நம்மைக் கேட்பதில்லை, விண்ணப்பமும் கிடையாது. ரீடிங்தான் முடிவு செய்கிறது.

பிரிட்டனில் 1999 முதல் எல்லா வீட்டுக்காரரும் மின்சாரம் விற்கும் நிறுவனத்தைத் தாங்களே தேர்ந்தெடுக்கலாம். மும்பைப் புறநகரிலும் டாட்டா, அதானி என்று இரண்டு நிறுவனங்களுக்கிடையே மாறிக்கொள்ள வழி இருக்கிறது. கம்பெனி மாறினால் வேறு கரண்ட் வருமா என்றால், வராது. மாறுதிசை மின்னோட்டத்தில் எலக்ட்ரான்கள் வயருக்குள் நின்ற இடத்திலேயே விநாடிக்கு 50 தடவை முன்னும் பின்னும் அசைகின்றன, அவ்வளவுதான். நடுவில் டிரான்ஸ்ஃபார்மர்கள் வேறு. அவற்றில் ஒரு பக்கக் கம்பிச் சுற்று மறுபக்கத்தைத் தொடுவதே இல்லை, காந்தப்புலம் வழியாகத்தான் ஆற்றல் தாவுகிறது. 1937 முதல் மின்சாரம் எடுக்கிற மேட்டூரிலிருந்து ஒரு எலக்ட்ரான்கூட சேலம் அம்மாபேட்டை வரை நடந்து வந்ததில்லை. பல ஓடைகள் விழும் ஏரியில் மதகைத் திறந்தால் எந்த ஓடைத் தண்ணீர் வருகிறது என்று பிரிக்க முடியுமா? மின்கட்டமைப்பும் அப்படித்தான். தன் வாடிக்கையாளர்கள் எடுத்த அளவைத் தன் கணக்கில் உள்ளே விட வேண்டியது கம்பெனியின் பாடு. மாறுவது பேரேடு மட்டும்.

சேலத்து வீடுகளுக்கு அந்த வசதி இல்லை. தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம் ஒன்றுதான். ஆனால் மேலே சொன்ன இரண்டு பட்டியல்களுக்கு இடையில் நாமே மாறலாம். அதற்கு ஒரு விஷயம் பிடிபட வேண்டும்: பில்லை யூனிட்டால் வகுத்து வரும் சராசரிக்கு இங்கே பெரிய அர்த்தம் இல்லை. கடைசியாக ஓடிய யூனிட் எந்தப் படியில் நிற்கிறது என்பதுதான் முக்கியம். மிச்சம் பிடிப்பது எப்போதும் மேல் படியிலிருந்துதான் கழியும்.

பழைய சீலிங் ஃபேன் ஒன்று சுமார் 75 வாட் இழுக்கும். நாளுக்கு 12 மணி நேரம் ஓடினால் 60 நாளில் 54 யூனிட். பி.எல்.டி.சி. எனப்படும், பிரஷ் இல்லாத மோட்டார் வைத்த ஃபேன் 28 வாட்டில் அதே காற்றைத் தந்து 20 யூனிட்டில் முடித்துவிடும். 34 யூனிட் மிச்சம். 520 யூனிட் ஓடும் வீட்டில் இந்த ஒரே ஃபேனை மாற்றினால் பில் 2,208-லிருந்து 1,717 ரூபாய்க்கு இறங்கும். அதே ஃபேனை 190 யூனிட் ஓடும் வீட்டில் மாற்றினால் மிச்சம் 80 ரூபாய். கடைக்காரர் இரண்டு வீட்டுக்கும் ஒரே வசனத்தைத்தான் சொல்வார்!

எங்கே கரண்ட் போகிறது என்று பார்க்க மீட்டரே போதும். டிஜிட்டல் மீட்டரின் முகப்பில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்பது பக்கத்திலேயே அச்சிட்டிருக்கும். 3200 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். ராத்திரி எல்லாரும் படுத்தபின் ஃபேன், லைட் எல்லாம் நிறுத்தி, ஃப்ரிட்ஜையும் பிடுங்கிவிட்டுப் போய் எண்ணுங்கள். நிமிடத்துக்கு இரண்டு தடவை சிமிட்டினால் 37.5 வாட் எங்கோ ஓடுகிறது. செட்டாப் பாக்ஸ், வைஃபை, ரிமோட்டில் மட்டும் அணைத்த டி.வி. என்று எதுவாகவும் இருக்கலாம். நாள் முழுக்க ஓடுவதால் 60 நாளில் அதுவும் 54 யூனிட், அந்தப் பழைய ஃபேன் அளவுக்கு. எண்ணி முடித்ததும் ஃப்ரிட்ஜ் பிளக்கை மறக்காமல் மாட்டுங்கள்.

சேலத்தில் கோடையில் 500-ஐத் தாண்ட வைப்பது ஏ.சி.தான். மணிக்கு ஒரு யூனிட் என்று குறைத்தே வைத்தாலும், இரவுக்கு 8 மணி நேரம், 60 நாளில் 480. மேலே ஏற்காட்டில் கதை வேறு. 1,500 மீட்டர் உயரத்தில் ஏ.சி. எதற்கு? அங்கே கீசர். 15 லிட்டர் தண்ணீரை 18 டிகிரியிலிருந்து 45-க்குக் கொண்டுபோக 0.47 யூனிட் வேண்டும். சேலத்தில் குழாய்த் தண்ணீரே 28 டிகிரியில் வந்தால் 0.30 போதும். நான்கு பேர் ஆளுக்கொரு வாளி என்றால், மலை வீட்டுக்கு ஒரு பில்லில் 40 யூனிட் போலக் கூடுதல்.

இதே படிக்கணக்கு மாடி சோலாருக்கும் பொருந்தும். விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை. ஒரு கிலோவாட் பேனல் நம் பக்கம் நாளுக்குச் சுமார் 4 யூனிட் தரும், இரண்டு மாதத்துக்கு 240. நெட் மீட்டர் அதை மொத்தத்திலிருந்து கழித்துக் கொடுக்கும். அந்த இணைப்புக்கான தனிக் கட்டணங்களைத் தள்ளிவைத்துப் பார்ப்போம். 700 யூனிட் ஓடும் வீட்டின் பில் 3,825 ரூபாய். 240 கழிந்தால் 460 யூனிட், 1,553 ரூபாய். பேனல் தந்த ஒவ்வொரு யூனிட்டும் ஒன்பதரை ரூபாய் பெறுகிறது. 300 யூனிட் ஓடும் வீட்டிலோ 705 ரூபாய் பில் பூஜ்யமாகும், யூனிட்டுக்கு 3 ரூபாய்கூடத் தேறாது. ஒரே பேனல், ஒரே வெயில். 2024-இல் வந்த மத்திய அரசுத் திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய் மானியம் உண்டு. மானியத்தைப் பார்க்கும் முன் பழைய பில்களில் எத்தனை 500-ஐத் தாண்டியது என்று பார்ப்பது நல்லது.

இந்தப் படிகளில் அதிகம் அடிபடுகிறவர்கள் வாடகைக்கு இருப்பவர்கள். தனி சர்வீஸில் 200 யூனிட் ஓட்டினால் 235 ரூபாய்தான். வீட்டுக்காரர் சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 8 ரூபாய் வாங்கினால் அதுவே 1,600. “எனக்கே அவ்வளவு வருதுங்க” என்பார். அது முழுப் பொய்யும் அல்ல. மூன்று போர்ஷன், போர்ஷனுக்கு 200 யூனிட், எல்லாம் ஒரே மீட்டரில் என்றால் 600 ஆகி அவருக்கு 2,880 ரூபாய் பில் வரும். (வசூலாவது 4,800 என்பது வேறு விஷயம்.) ஒரே குடும்பம் இருக்கும் ஒரே வீட்டுக்கு, இலவச 100-ஐ இரண்டு தடவை வாங்க இரண்டு சர்வீஸ் கேட்டால் கிடைக்காது. ஆனால் போர்ஷன்கள் சுவரால் நிரந்தரமாகப் பிரிந்து, வயரிங்கும் தனித்தனியாக இருந்தால் தனித்தனி சர்வீஸ் வாங்கலாம். அப்போது அதே 600 யூனிட்டுக்கு மூன்று பில்லும் சேர்ந்து 705 ரூபாய்.